காளான் வித்து படராமல் நிற்பது ஏன்?

தறி ஓய்ந்திருக்கும் நாட்களிலும், அறுவடை முடிந்து வயல் வறண்டு கிடக்கும் நாட்களிலும் குடும்பத்திற்கு ஒரு சிறு வருமானம் வேண்டும் என்ற நோக்கத்துடன், நம் அங்கத்தினர் பலர் வீட்டிலேயே காளான் வளர்க்க முற்பட்டிருக்கின்றனர். முயற்சி நல்லதே. வைக்கோல் கைவசம் இருக்கிறது. நிழலான ஓர் அறை பெரும்பாலும் எல்லா வீடுகளிலும் உண்டு. பெரிய முதலும் தேவையில்லை. ஒரு கிலோ காய்ந்த வைக்கோலிலிருந்து, பக்குவமாகப் பேணினால், அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை சிப்பிக் காளான் கிடைக்கும்.

ஆயினும், தொடங்கியவர்களில் சிலர் ஒன்றிரண்டு முறை முயன்றபின் மனம் சலித்துக் கைவிட்டு விடுகின்றனர். அவர்களைக் கேட்டால், “பை கட்டி இருபது நாள் ஆயிற்று, வித்து படரவேயில்லை” என்றோ, “பாதி வெளுத்தது, பிறகு அப்படியே நின்றுவிட்டது” என்றோ கூறுவர். இதனால் வைக்கோலும் உழைப்பும் வீணாவதோடு, வித்து கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே மனத்தாங்கலும் உண்டாகிறது. வித்து படராமல் நிற்பதற்குரிய காரணங்கள் யாவை, அவற்றை வீட்டிலேயே கண்டறிவது எப்படி, எப்படுக்கையைக் காப்பாற்றலாம், எதனைப் புதைத்துவிட வேண்டும் என்பனவற்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

ஒரு மனத்தாங்கலும் அதன் முடிவும்

2024ஆம் ஆண்டு பங்குனியில் எங்கள் ஊரில் ஆறு அங்கத்தினர்கள் ஒரே நாளில், ஒரே அங்கத்தினரிடமிருந்து சிப்பிக் காளான் வித்து வாங்கினோம். நால்வர் வீட்டில் பதினெட்டு நாட்களில் படுக்கைகள் பால்போல் வெளுத்தன. இருவர் வீட்டில் மட்டும் வித்து ஓரளவு படர்ந்து, பின் நின்றுவிட்டது. அவ்விருவரும், வித்து பழுதானது என்று முடிவு கட்டி, வித்துக்குரிய பணத்தைத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டனர். அவ்விருவரில் நானும் ஒருவன்.

வித்து தயாரிக்கும் அம்மையார் சண்டைக்கு வரவில்லை. “உங்கள் வைக்கோலையும் என் வித்தையும் தனித்தனியே சோதித்துப் பாருங்கள், குற்றம் என்னுடையதானால் மறுவித்து இலவசமாகத் தருகிறேன்” என்றார். அச்சோதனையின் முறையைப் பின்னால் விளக்குகிறேன். அதன் முடிவில், மற்றவர் வீட்டில் கெட்டிருந்தது வைக்கோல் என்றும், என் வீட்டில் கெடுதல் செய்தது கூரையின் வெப்பம் என்றும் தெரிய வந்தது. வித்தில் எவ்விதப் பழுதும் இல்லை. அதற்குள் நான் பன்னிரண்டு படுக்கைகளைக் குப்பைக் குழியில் கொட்டியிருந்தேன். அவற்றுள் சில பிழைத்திருக்கக் கூடியவை. அடுத்த கூட்டத்தில் பணத்தைச் செலுத்தி, நான் அவசரப்பட்டதையும் ஒப்புக்கொண்டேன். இக்கட்டுரைக்குத் தூண்டுகோல் அந்நிகழ்ச்சியே.

பூசண இழை என்பது யாது?

நாம் உண்ணும் காளான், செடியில் கனி எப்படியோ அப்படிப்பட்டது. அதனைத் தாங்கும் உடல், வைக்கோலுக்குள் மறைந்து பரவும் வெண்மையான நுண்ணிழைகளின் கூட்டமாகும். இதனையே பூசண இழை என்கிறோம். இவ்விழைகள் தம்மிடமிருந்து சுரக்கும் நொதிகளால் வைக்கோலைக் கரைத்து, அச்சத்தை உறிஞ்சி வளர்கின்றன. நம்மைப் போலவே அவை பிராணவாயுவை ஏற்றுக் கரியமிலவாயுவை வெளிவிடுகின்றன. உயிர்ப்பின் பயனாக வெப்பத்தையும் உண்டாக்குகின்றன. ஆகவே இழைக்கு வேண்டுவன உணவு, ஈரம், காற்று, தகுந்த சீதோஷ்ணம் ஆகிய நான்கு. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், அளவுக்கு மிஞ்சினாலும் இழை தயங்கும். அது தயங்கும் நேரத்தில் வைக்கோலில் உறங்கும் பிற பூசணங்கள் விழித்துக்கொண்டு இடத்தைப் பற்றிக்கொள்ளும்.

சிப்பிக் காளான் வளர்ப்பு நமக்குப் புதியதாயினும் உலகுக்குப் புதியதன்று. முதல் உலகப் போரின் உணவுப் பஞ்சத்தின்போது, 1917இல் ஜெர்மனியில் ஃபால்க் என்பார் மரக்கட்டைகளில் இதனை வளர்த்துக் காட்டினார். கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியில் 1940களிலேயே வைக்கோல் காளான் ஆராய்ச்சி நடந்தது. கோடைக்கு ஏற்ற பால் காளானைப் பயிரிடும் முறை மேற்கு வங்காளத்திலிருந்து வெளியாயிற்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஏ.பி.கே. 2 என்னும் பால் காளான் ரகத்தை 1998இல் வெளியிட்டது.

முறையான வளர்ச்சிக் கணக்கு

தாமதம் எது என்று அறிய, முறையான வளர்ச்சி எது என்று முதலில் தெரிதல் வேண்டும். சிப்பிக் காளான் படுக்கையை 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்தால், இரண்டாம் மூன்றாம் நாளில் வித்துச் சோளத்தின்மேல் பஞ்சுபோன்ற வெண்மை எழும்பும். ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் ஒவ்வொரு வித்தைச் சுற்றிலும் வைக்கோலில் வெள்ளை வட்டம் தெரியும். பத்துப் பன்னிரண்டு நாட்களில் அவ்வட்டங்கள் ஒன்றோடொன்று கூடும். பதினைந்து முதல் இருபது நாட்களில் படுக்கை முழுவதும் வெளுத்து, கையால் தட்டினால் கட்டியாக இருக்கும்.

கண்ணளவை நம்புவது சரியாகாது. நேற்றுக்கு இன்று படர்ந்ததா இல்லையா என்று மனம் ஏமாந்து போகும். இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஐந்தாம் நாள் முதல், வெண்மையின் எல்லை எங்கே முடிகிறதோ அங்கே பையின்மேல் பேனாவால் ஒரு கோடு இட்டுத் தேதியையும் எழுதி வைக்க வேண்டும். அடுத்த நாள் மாலை அதே வேளையில் பார்க்க வேண்டும். எல்லை அரை சென்டிமீட்டரோ அதற்கு மேலோ நகர்ந்திருந்தால் கவலைக்கு இடமில்லை. சிறிதளவே நகர்ந்திருந்தால் தாமதம். மூன்று நாட்கள் கடந்தும் கோட்டைத் தாண்டவில்லையெனில் நின்றுவிட்டது என்று கொள்ளலாம்.

நிற்கும் இடத்தைப் பார்த்துக் காரணம் அறிதல்

பாவில் ஓரிழை அறுந்தால் நெசவாளி முழுப் பாவையும் வெட்டி எறிவதில்லை. அறுந்த இடத்தைத் தேடுகிறார். படுக்கையையும் அவ்வாறே நோக்குதல் வேண்டும். இழை எந்த இடத்தில் நின்றது, எத்தனை படுக்கைகளில் நின்றது என்பவை பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும்.

எல்லாப் படுக்கைகளிலும் ஒருசேர வித்து தொடங்கவேயில்லையானால், வித்து உயிரற்றதாக இருக்கலாம். அல்லது வைக்கோல் சூடு ஆறுமுன் வித்திடப்பட்டிருக்கலாம். அல்லது வைக்கோலில் பூசணக்கொல்லி மருந்து மிகுந்திருக்கலாம். மேற்பாகம் வெளுத்து அடிப்பாகம் மட்டும் பழுப்பாக நின்றால், அடியில் நீர் தேங்கியிருக்கிறது. துளைகளைச் சுற்றி வெளுத்து நடுப்பாகம் நின்றால், வைக்கோல் இறுக அழுத்தப்பட்டுக் காற்று போதாமற் போயிருக்கிறது, அல்லது நடுவில் வெப்பம் மிகுந்துள்ளது. சுவரோரப் பக்கம் மட்டும் நின்றால், அச்சுவர் வெயிலில் காய்கிறதா என்று பார்க்க வேண்டும். நன்றாகப் படர்ந்து வந்தது பத்தாம் நாள் திடீரென நின்றால், பெரும்பாலும் அது வெப்பத்தின் வேலை. இல்லையேல் வேறு பூசணம் எதிரே வந்து மறிக்கிறது. வெண்மை இருந்த இடத்திலேயே மறைந்து கருத்தால், ஈக்களின் புழுக்கள் இழையைத் தின்கின்றன என்று அறியலாம்.

வெப்பமும் குளிரும்

நம் ஊர்களில் இழை நிற்பதற்குப் பெருங்காரணம் வெப்பமே. சிப்பிக் காளானின் இழை 30 டிகிரிக்கு மேல் தளர்ச்சியடைகிறது. 35 டிகிரியை அடைந்தால் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. 40 டிகிரியில் நீண்டநேரம் இருந்தால் மடிகிறது. மேலும், இழை தானே வெப்பத்தை உண்டாக்குவதால் படுக்கையின் உட்புறம் அறையைவிட இரண்டு மூன்று டிகிரி மிகுதியாக இருக்கும். அறை 33 டிகிரி என்றால் படுக்கையின் நடு 35 டிகிரியைத் தாண்டும். இதனை நான் அறியாமல், சிமெண்டுத் தகடு வேய்ந்த பக்க அறையில் இருபது படுக்கைகளையும் நெருக்கமாக அடுக்கியிருந்தேன். காலையில் அறை குளிர்ச்சியாகவே இருக்கும். நானும் காலையில்தான் பார்ப்பேன். பிறகு ஒரு வெப்பமானியை இரு படுக்கைகளுக்கு இடையே செருகி, பிற்பகல் மூன்று மணிக்குப் பார்த்தபோது 38 டிகிரி காட்டியது.

ஆகவே ஒரு வெப்பமானி வாங்குவது வீண் செலவாகாது. அதனைச் சுவரில் தொங்கவிடாமல், ஒன்றையொன்று தொடும் இரு படுக்கைகளின் இடையே வைத்துப் பிற்பகலில் பார்க்க வேண்டும். வெப்பம் மிகுந்திருந்தால், படுக்கைகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டு உறியில் தொங்கவிடலாம். கூரைமேல் தென்னங்கீற்றுப் பரப்பலாம். தரையில் மணல் பரப்பி நீர் தெளித்து, சன்னல்களில் ஈரச் சாக்கைத் தொங்கவிடலாம். வெப்பத்தால் நின்ற படுக்கையைக் குளிர்ந்த இடத்திற்கு மாற்றி, புதுக் கோடிட்டு நான்கு நாட்கள் காத்திருக்க வேண்டும். உயிர் இருந்தால் எல்லையில் புதிய வெண்மை தலைகாட்டும். நான் கொட்டாமல் விட்டிருந்த எட்டில் ஐந்து அவ்வாறு பிழைத்தன.

சமவெளியில் பங்குனி முதல் ஆனி வரை சிப்பிக் காளானோடு போராடுவதைவிட, பால் காளானுக்கு மாறுவது அறிவுடைமை. அது 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் நன்கு விளையும். படுக்கை வெளுத்தபின் அதற்கு மேல்மண் இடுதல் அவசியம் என்பதை மறக்கலாகாது.

நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப் பகுதிகளில் வாழும் அங்கத்தினர்களுக்கு நேர்மாறான தொல்லை உண்டு. மார்கழி, தை மாதங்களில் 15 டிகிரிக்குக் கீழே இழை மிக மெதுவாகவே நகரும். குளிரால் தாமதித்த சிப்பிக் காளான் இழை சாதாரணமாக இறப்பதில்லை. இருபது நாள் வேலையை நாற்பது நாளில் செய்யும். படுக்கையை வீட்டின் உள்ளறைக்கு மாற்றி வைத்தால் போதும். விரைவு கருதி அடுப்பருகே வைப்பது தவறு. ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் நிற்கும்.

ஈரம்: தராசு சொல்லும் உண்மை

வேகவைத்து வடித்த வைக்கோலில் நூற்றுக்கு 65 பங்கு நீர் இருத்தல் வேண்டும். ஒரு பிடி எடுத்து இறுகப் பிழிந்தால் உள்ளங்கை நனைய வேண்டும். ஆனால் நீர் சொட்டக் கூடாது. இச்சோதனையை எல்லோரும் அறிவர். ஆயினும் ஒருவர் பிழியும் பலம் வேறு, மற்றவர் பிழியும் பலம் வேறு. ஆதலால் தராசையும் துணைக்கொள்வது நலம். ஒரு கிலோ காய்ந்த வைக்கோலைத் தனியே ஒரு கோணியில் கட்டி, மற்றதோடு ஊறவைத்து வேகவைத்து வடித்தபின், கோணியை நீக்கி வைக்கோலை மட்டும் நிறுத்துப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய 2 கிலோ 850 கிராம் இருந்தால் 65 பங்கு ஈரம் உள்ளது. 4 கிலோ இருந்தால் ஈரம் 75 பங்கு ஆகிவிட்டது; அவ்வைக்கோலை நிழலில், சுத்தமான விரிப்பில் பரப்பி உலர்த்த வேண்டும். 2 கிலோ 200 கிராமே இருந்தால் ஈரம் 55 பங்குக்கும் குறைவு. இழை மெலிந்து சிலந்தி வலைபோலப் படரும்.

ஈரம் மிகுந்தால் வைக்கோலின் இடைவெளிகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தை நீர் அடைத்துக்கொள்ளும். அங்கு இழை செல்லாது. புளிப்பு நாற்றத்தை உண்டாக்கும் கிருமிகளே வளரும். அடியில் நீர் தேங்கிய படுக்கையில் நாற்றம் இல்லையாயின், தீயில் காய்ச்சிய ஊசியால் அடியில் நாலைந்து துளையிட்டுத் தொங்கவிட்டால் நீர் வடிந்து இழை மீண்டும் இறங்கக் காணலாம். நாற்றமெடுத்தால் அப்படுக்கை உதவாது. உலர்ந்த படுக்கைக்குள் நீர் ஊற்றுவது கூடாது. தரைக்கும் சுவருக்கும் நீர் தெளித்து அறையின் ஈரத்தைக் கூட்டி, வருகிறவரை ஏற்றுக்கொண்டு, அடுத்த முறை திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

காற்று

சிப்பிக் காளானின் இழை, கரியமிலவாயு மிகுந்த இடத்திலும் ஓரளவு தாங்கி வளரும். ஆனால் பிராணவாயு அறவே இல்லாத இடத்தில் எவ்விழையும் வளராது. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பாலிதீன் பையில் நடுவே எதிரெதிராக ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள துளைகள் இரண்டு இடுவது வழக்கம். வைக்கோலை நீளமாக நறுக்கினாலும், பொடிப்பொடியாக நறுக்கி இறுக்கினாலும் காற்றோட்டம் கெடும். 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளத் துண்டுகளே உகந்தவை. நடுப்பாகம் மட்டும் நின்ற படுக்கைக்கு, வித்து அடுக்குகள் உள்ள மட்டத்தில் காய்ச்சிய கம்பியால் மேலும் ஆறு எட்டுத் துளைகள் இட்டு, அவற்றைச் சுத்தமான பஞ்சால் தளர்வாக அடைத்து வைக்கலாம். பஞ்சு காற்றை விடும்; ஈயையும் தூசியையும் தடுக்கும்.

வைக்கோல்

நல்ல வைக்கோல் பொன்னிறமாகவும், விறைப்பாகவும், மக்கல் வாடை இன்றியும் இருக்கும். போரின் அடியில் கிடந்து மழையில் நனைந்து மீண்டும் காய்ந்த வைக்கோல் பார்வைக்கு ஒருவாறு இருந்தாலும், அதன் சத்தைப் பிற பூசணங்கள் முன்னரே உண்டிருக்கும்; அது நீரையும் மிகுதியாகக் குடிக்கும். என்னோடு வித்தைக் குறைகூறிய நண்பரின் வைக்கோல் இத்தகையதே. ஒரு கிலோ, வேகவைத்தபின் 4 கிலோ எடை காட்டியது.

கதிர் முற்றும் பருவத்தில் பூசணக்கொல்லி தெளித்த வயலின் வைக்கோலும் இழையைத் தயங்கச் செய்யலாம். நெல்லின் பூசண நோயைத் தடுக்கும் மருந்து, காளானும் ஒரு பூசணம் என்பதால் அதனையும் விட்டுவைக்காது. வைக்கோல் வாங்கும்போது எவ்வயலினது, கடைசியாக என்ன மருந்து எப்பொழுது தெளிக்கப்பட்டது என்று கேட்டறிவது நன்று.

வைக்கோலை நான்கைந்து மணி நேரம் நல்ல நீரில் ஊறவைத்து, பின் கொதிநீரில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை அமிழ்த்தி வைத்தல் போதுமானது. சிலர் கார்பண்டாசிம், பார்மலின் ஆகிய மருந்துகள் கலந்த நீரில் ஊறவைக்கின்றனர். இதில் அளவு மிஞ்சினால் நம் இழையே நிற்கும். பார்மலின் ஆவி கண்ணுக்கும் மூச்சுக்கும் தீங்கானது. குழந்தைகள் உள்ள வீட்டில் கொதிநீர் முறையே மேலானது. வேகவைத்த வைக்கோல் முற்றிலும் ஆறியபின்னரே வித்திட வேண்டும். மேலே ஆறியிருந்தாலும் குவியலின் நடுவில் சூடு மறைந்திருக்கும். கையை உள்ளே நுழைத்துப் பார்க்காமல் வித்திட்டால், உயிருள்ள வித்தை நாமே வேகவைத்தவர்கள் ஆவோம்.

நெசவாளர் வீடுகளில் மீறும் பஞ்சுக் கழிவிலும் சிப்பிக் காளான் நன்கு வளரும். ஆனால் சாயமோ வெளுப்பு மருந்தோ ஏறிய நூற்கழிவை உணவுப் பொருள் விளைவிக்க ஒருபோதும் உபயோகிக்கலாகாது.

வித்து

நல்ல வித்தில் ஒவ்வொரு சோளமணியும் வெண்மை போர்த்தி இருக்கும். முகர்ந்தால் காளானின் இனிய வாடை வீசும். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறப் புள்ளி ஒன்று தென்பட்டாலும் அப்பையை ஏற்கக் கூடாது. அடியில் மஞ்சள் நீர் தேங்கி, மணிகள் பிரிக்க முடியாதபடி கட்டிப்போயிருந்தால் அது முதிர்ந்த வித்து, வேகம் குறைந்திருக்கும். ஒரு கிலோ காய்ந்த வைக்கோலில் ஆன படுக்கைக்கு 100 முதல் 150 கிராம் வித்து வேண்டும். சிக்கனம் கருதி இதில் பாதியாக்கினால், வித்துகளுக்கிடையே உள்ள தூரம் கூடி, படர நாட்கள் அதிகமாகும். அந்நாட்களில் பச்சைப் பூசணம் முந்திக்கொள்ளும்.

வித்தைக் குளிர்ப்பெட்டியில் வைப்பதிலும் விவரம் உண்டு. சாம்பல் நிற, வெண்ணிறச் சிப்பிக் காளான் வித்துகள் சில நாட்கள் குளிர்ப்பெட்டியில் கெடாது. இளஞ்சிவப்புச் சிப்பிக் காளான், பால் காளான், வைக்கோல் காளான் ஆகியவை வெப்ப நாட்டு இனங்கள். கடுங்குளிரில் அவற்றின் வித்து உயிரிழக்கும். எவ்வித வித்தையும் வாங்கிவரும் வழியில் வெயில் படும் பேருந்துச் சன்னலோரத்திலோ, வண்டியின் பெட்டியிலோ பலமணி நேரம் விட்டுவைத்தல் தகாது.

இரு புட்டிச் சோதனை

இப்பொழுது முன்னர் குறித்த சோதனையைக் கூறுகிறேன். கொதிநீரில் கழுவிய இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். முதற்புட்டியில், நன்கு விளைந்த மற்றொருவர் வீட்டு வைக்கோலை முறைப்படி வேகவைத்து ஆறவைத்து இட்டு, நம்முடைய சந்தேகத்திற்குரிய வித்தைக் கலக்க வேண்டும். இரண்டாம் புட்டியில், நம்முடைய சந்தேகத்திற்குரிய வைக்கோலை முன்போலவே தயாரித்து இட்டு, நன்கு படர்ந்த வீட்டில் மீந்த வித்தைக் கலக்க வேண்டும். இரண்டின் வாயையும் பஞ்சால் அடைத்து, 25 முதல் 28 டிகிரி உள்ள உள்ளறையில் ஏழு நாட்கள் வைக்க வேண்டும்.

முதற்புட்டி வெளுத்து இரண்டாவது நின்றால், குற்றம் வைக்கோலில் உள்ளது. முதற்புட்டி நின்று இரண்டாவது வெளுத்தால், குற்றம் வித்தில் உள்ளது. தயங்காமல் வித்துக்காரரிடம் காட்டலாம். இரண்டும் வெளுத்தால், வைக்கோலும் வித்தும் நல்லவை. நம் அறையையும் நம் கைப்பழக்கத்தையும் சோதிக்க வேண்டும். இரண்டும் நின்றால், இரண்டும் கெட்டிருக்கலாம். அல்லது சூடு ஆறாமல் வித்திட்டது போன்ற பிழை இரண்டிலும் நேர்ந்திருக்கலாம். ஆகவே மறுமுறை கவனமாகச் செய்து பார்க்க வேண்டும். நண்பர் வீட்டுப் புட்டிகளில் முதல் முடிவு வந்தது. என் வீட்டுப் புட்டிகள் இரண்டும் வெளுத்தன; அதன் பின்னரே கூரையை அண்ணாந்து பார்த்தேன்.

பகைப் பூசணங்கள்

பச்சைப் பூசணம் எனப்படும் டிரைக்கோடெர்மா முதலில் வெண்மையாகத் தோன்றி, இரண்டொரு நாளில் பச்சைப் பொடியாக மாறும். நியூரோஸ்போரா என்பது செம்மஞ்சள் நிறத்தில் ஓரிரவிலேயே பரவும் வேகமுடையது. சில படுக்கைகளில் மெல்லிய காம்புள்ள சிறு குடைகள் எழுந்து, மறுநாளே மைபோலக் கருத்து உருகும். இவை கோப்ரினஸ் என்னும் மைக் காளான்கள். வைக்கோல் பக்குவக் குறைவுக்கும் மிகு ஈரத்துக்கும் அடையாளம். வித்திட்ட இனத்தைத் தவிரப் படுக்கையில் முளைக்கும் எதனையும் உண்ணுதல் கூடாது.

படுக்கையின் ஒரு மூலையில் சிறு புள்ளியாகப் பகைப் பூசணம் தோன்றி, மற்றெங்கும் நம் இழை வலுவாக இருந்தால், அதனைத் திறவாமல் வேறிடத்திற்கு மாற்றிக் கோடிட்டு மூன்று நாட்கள் பார்க்கலாம். நம் இழை அதனை மூடிக்கொண்டு முன்னேறினால் விளைச்சல் எடுக்கலாம். பகை முன்னேறினால் பையைப் பிரிக்காமலேயே தொலைவில் கொண்டுபோய்ப் புதைத்துவிட வேண்டும். அறைக்குள் பிரித்தால் அதன் நுண்வித்துகள் எல்லாப் படுக்கைகளிலும் படிந்துவிடும். நம் மூச்சுக்கும் கேடு. நாள்தோறும் நல்ல படுக்கைகளை முதலிலும் நோயுற்றவற்றைக் கடைசியிலும் பார்வையிட்டு, பின் கைகளைச் சோப்பிட்டுக் கழுவும் பழக்கம் வேண்டும். சன்னலுக்கு நெருக்கமான வலை அடித்தால் ஈக்கள் வாரா. எலியும் கரப்பானும் வித்துச் சோளத்தை நாடி வரும் என்பதையும் மறக்கலாகாது.

இழையும் பகைப் பூசணமும் சந்திக்கும் இடத்தில் மஞ்சள் நிறத் துளிகள் தென்படுவதுண்டு. இது இழையே சுரக்கும் நீர். அதனைக் கண்டு மட்டும் படுக்கையை எறிந்துவிட வேண்டாம். படுக்கை முழுவதும் வெளுத்தபின் மொட்டு வரத் தாமதித்தால், அது வேறு விஷயம். அப்பொழுது சிப்பிக் காளானுக்கு வெளிச்சமும் புதுக்காற்றும் காற்றில் ஈரமும் தேவைப்படுகின்றன.

முடிவாக

ஒவ்வொரு படுக்கையிலும் வித்திட்ட தேதி, வித்து வாங்கிய இடம், வைக்கோல் எடுத்த போர் ஆகிய மூன்றையும் எழுதி ஒட்டும்படி அங்கத்தினர்களை வேண்டிக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் வித்தில் ஒரு கைப்பிடியைச் சாட்சியாகத் தனிப்புட்டியில் இட்டு வைத்தால், பின்னர் வழக்கு எழாது. வெப்பமானி ஒன்றும் தராசு ஒன்றும் ஒவ்வொரு வீட்டிலும் வாங்க இயலாதாயின், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊரில் அவ்வாறே செய்கிறோம். அந்த அம்மையாரிடமே இன்றும் வித்து வாங்குகிறேன். சென்ற கார்த்திகையில் அவர் கொடுத்த வித்து ஐந்தாம் நாளே கோட்டைத் தாண்டியது. பை நின்றுபோனால், பழி யார்மீது என்று தேடுமுன் இழை எங்கே நின்றது என்று தேடுவோமாக.